மஸ்கிரேவ் அறையும் ஹில்கிரெஸ்ட் வட்டமும்: டர்பனில் இரண்டு வகைப் பேச்சு சிகிச்சைகள் – ஒரு மதிப்புரை

இந்த ஆண்டின் பத்து மாதங்களில் டர்பனில் இரண்டு இடங்களில் நான் பணம் கட்டிப் பேசியிருக்கிறேன். முதலாவது, மஸ்கிரேவ் பகுதியில் தனியாகத் தொழில் நடத்தும் ஒரு மருத்துவ உளவியலாளரின் அறை. சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் அங்கே பதினோரு அமர்வுகள் முடித்திருக்கிறேன். இரண்டாவது, ஹில்கிரெஸ்டில் ஒரு பண்ணைவீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் ஃபேமிலி கான்ஸ்டலேஷன் பட்டறை; குடும்பத்தாரின் இடத்தில் அந்நியர்களை நிறுத்திப் பார்க்கும் ஒரு குழு முறை. அதற்கு இரண்டு முறை போனேன். இரண்டு இடங்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஊரில் நம் ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் எப்படியாவது தெரிந்தவர்கள். நான் எடைபோட வந்தது அந்த முறைகளைத்தான்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது, நோயைச் சொல்லாமல் மருந்தைப் புகழ்வது போலாகிவிடும். கணவரின் வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து டர்பனுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2020 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஒருசேர அடைத்துக்கிடந்த நாட்களில், அதிகாலை இரண்டு நாற்பதுக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. ஊரில் அப்போது காலை ஆறு மணி பத்து நிமிடம். அப்பாவுக்கு மாரடைப்பு, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எடுத்ததையும் எரித்ததையும் வாட்ஸ்அப் காணொளியில் பார்த்தேன். அன்று அழுகை வரவில்லை. மூன்றாண்டுகள் கழித்துத் தூக்கம் போயிற்று. தினமும் இரண்டு நாற்பதுக்குச் சரியாக விழிப்பு வரும், பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா இல்லாத வீட்டுக்குப் போக மனம் வராமல், ஊர்ப்பயணத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுவந்தேன்.

மஸ்கிரேவ் அறையில் முதல் நாள் என்னிடம் கொடுக்கப்பட்டது ஒரு தாள். பிஎச்க்யூ-9 என்னும் அந்தப் படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண், மொத்தம் 27. எனக்குப் 17 வந்தது. மனதை இப்படி மார்க் போட்டு அளப்பது எனக்கு முதலில் அவமானமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் உளவியலாளர் என்னைக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினார். இருவரும் படிவம் நிரப்பித் தந்த பிறகுதான் மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ், குறைந்தபட்சம் கட்டாயமாகத் தர வேண்டிய சேவைகளின் பட்டியலில் கடுமையான மனச்சோர்வும் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு மூன்று வாரம்வரை மருத்துவமனைச் சிகிச்சை அல்லது பதினைந்து அமர்வுகள்வரை வெளிநோயாளர் பேச்சு சிகிச்சை என்று அளவும் குறித்திருக்கிறார்கள். துக்கம் என்று மட்டும் எழுதினால் இது கிடைக்காது. நோய் என்று பெயரிட்டால் கிடைக்கும். இதில் உள்ள வேடிக்கையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்த உளவியலாளர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வரத்தில் வந்த ஒரு குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. தமிழில் அவருக்குத் தெரிந்தவை ஆயா, தாத்தா, சாமி, தண்ணி, கொஞ்சம் சமையல் சொற்கள். ஆகவே சிகிச்சை முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இது பெரிய குறையாகும் என்று நினைத்தேன், நடந்தது வேறு.

சிபிடியின் மையக் கருவி, பென்சில்வேனியாவில் ஆரன் பெக் 1960களில் உருவாக்கத் தொடங்கிய ஓர் எளிய எண்ணம். மனம் வருந்தும் தருணத்தில் தானாக ஒரு வாக்கியம் உள்ளே ஓடுகிறது. அந்த வாக்கியத்தை உண்மை என்று நாம் நம்பிவிடுகிறோம். அதைப் பிடித்துத் தாளில் எழுதி, அதற்கு ஆதரவான சான்று எது, எதிரான சான்று எது என்று ஒரு வழக்கைப் போல விசாரித்தால் அதன் பிடி தளர்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்த அந்தத் தாளை வாரம் முழுவதும் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். நான்காம் அமர்வில் என் வாக்கியம் அகப்பட்டது. 'அப்பாவுக்கு வாய்க்கரிசி போடாத மகள்.' இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பிணத்தின் வாயில் ஏன் அரிசி போடுகிறோம் என்பதில் தொடங்கி, யார் போடலாம், எத்தனை முறை, என்ன நினைத்துக்கொண்டு என்று அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், டர்பனில் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் தன் தாத்தாவின் உடலுக்குத் தானும் அப்படி அரிசி போட்டதாகவும், அதன் பெயர் இன்றுதான் தெரிகிறது என்றும் சொன்னார்.

பிறகு அவர் கேட்டது எனக்கு இன்றுவரை பயன்படுகிறது. நடந்ததை உங்கள் மொழியிலேயே ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பிறகு சொல்லுக்குச் சொல் எனக்குப் பெயர்த்துத் தாருங்கள் என்றார். 'என்னால் போக முடியவில்லை' என்றேன். பெயர்க்கும்போதுதான் கவனித்தேன்: மூன்றாண்டுகளாக அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் நான் சொல்லிவந்தது 'ஐ டிட்ன்ட் கோ' என்பதுதான். போகவில்லை என்பதற்கும் போக முடியவில்லை என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு வினைச்சொல்லை எங்கேயோ தொலைத்துவிட்டு, என்மீது நானே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எதிர்ச்சான்றுக் கட்டத்தில் எழுத வேண்டியதெல்லாம் அந்த வாரம் விமானமே பறக்கவில்லை என்ற ஒரு வரிதான். அதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு அமர்வுகள் பிடித்தன.

தூக்கத்துக்குத் தந்த சிகிச்சை இதைவிடக் கடுமையானது. அதிக நேரம் படுத்தால் அதிகம் தூங்கலாம் என்ற நம் இயல்பான கணக்கை அது தலைகீழாக்குகிறது. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதவைத்தார். நான் உண்மையில் தூங்குவது ஐந்து மணி நேரமே என்று தெரிந்ததும், நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், இருபது நிமிடம்போல் விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்று விதித்தார். முதல் பத்து நாட்கள் நரகம். தூக்கம் இடைமுறியாமல் வரத் தொடங்கிய பிறகு, பதினைந்து பதினைந்து நிமிடமாகப் படுக்கை நேரத்தைக் கூட்டினோம். இப்போது ஆறே முக்கால் மணி நேரம் தூங்குகிறேன்.

இரவில் கைபேசி அடித்தால் உடல் நடுங்கும் பயத்துக்கு ஓர் ஏணி போட்டோம். குறைந்த பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாக ஏறும் இந்த முறையின் மூலவர் ஜோசப் வோல்ப், 1915இல் ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். போர்க்கால ராணுவ மருத்துவமனையில் மனம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தந்த மருந்துகள் உதவாததைக் கண்டு வேறு வழி தேடியவர். விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வுகளைச் செய்தவர். அவரோடு பணிபுரிந்த ஆர்னல்ட் லாசரஸும் ஜோகனஸ்பர்க்காரர்தான். 'பிஹேவியர் தெரபி', அதாவது நடத்தை சிகிச்சை என்ற சொல்லை 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் கையாண்டவர். மேலைநாட்டுச் சரக்கு என்று நம்மவர் ஒதுக்கும் ஒரு சிகிச்சையின் பாதி வேர் இந்த நாட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என் ஏணியின் முதல் படி, அண்ணனின் அழைப்பு மணியைப் பகலில் கேட்பது; ஐந்தாம் படி, அதிகாலையில் அவரை உண்மையாகவே அழைக்கச் சொல்வது. அண்ணன் ஒப்புக்கொண்டார், மதினிதான் ஒரு வாரம் என்மீது கோபமாக இருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐம்பது நிமிடம் முடிந்ததும் கடிகாரம் முன்னால் வந்து நிற்கிறது. அழுகையின் நடுவிலும் அடுத்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் எழுதப்படுகிறது. அமர்வுக்கு 1,150 ரேண்ட்; மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு இது வாராவாரம் கட்டக்கூடிய தொகையே இல்லை. எல்லாவற்றையும்விட, என் துக்கம் ஒரு வீட்டின் துக்கம், ஒரு தெருவின் துக்கம். அந்த அறையில் அது என் தலைக்குள் ஓடும் வாக்கியங்களாகச் சுருங்கிப்போயிற்று. அண்ணனும் அம்மாவும் அந்தத் தாளின் கட்டங்களுக்குள் வரவே இல்லை. ஏழாம் அமர்வுக்குப் பிறகு இந்த வறட்சி தாங்காமல்தான், உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்ன ஹில்கிரெஸ்ட் பட்டறைக்குப் போனேன்.

ஃபேமிலி கான்ஸ்டலேஷன் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபது பேர் வட்டமாக அமர்கிறார்கள். ஒருவர் தன் பிரச்சினையை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்கிறார். பிறகு, தன்னை அறியாத மற்றவர்களிலிருந்து ஒருவரைத் தந்தையாக, ஒருவரைத் தாயாக, ஒருவரைத் தன் இடத்தில் நிற்பவராகத் தேர்ந்து, அறையில் அங்கங்கே நிறுத்துகிறார். நிற்பவர்கள் தங்களுக்குத் தோன்றுவதைச் சொல்கிறார்கள், நகர்கிறார்கள், அழுகிறார்கள். நடத்துபவர் அவர்களை இடம் மாற்றி, சில வாக்கியங்களைச் சொல்லவைத்து, எல்லோரும் அமைதியடையும் ஓர் அமைப்பில் முடிக்கிறார். இதை உருவாக்கியவர் பெர்ட் ஹெல்லிங்கர் என்னும் ஜெர்மானியர். கத்தோலிக்கப் பாதிரியாராக, டர்பன் இருக்கும் இதே நட்டால் மண்ணுக்கு 1950களில் வந்து, சுமார் பதினாறு ஆண்டுகள் ஜூலு மக்களிடையே பணியாற்றியவர். பைன்டவுனுக்குப் பக்கத்தில் 1882இல் நிறுவப்பட்ட மரியன்ஹில் மடத்தின் வழிவந்த மிஷனரிச் சபையைச் சேர்ந்தவர். பின்னர் துறவைவிட்டு, குழு உளவியல், நாடக சிகிச்சை, அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் வர்ஜினியா சடீரின் குடும்பச் சிற்பம் முதலியவற்றைக் கலந்து இந்த முறையைச் சமைத்தார். 2019இல் இறந்தார். மூதாதையர் நம்மோடு இருந்துகொண்டே இருக்கிறார்கள் என்ற பார்வையில் ஜூலு மக்களின் சாயல் இருப்பதாக அந்தப் பட்டறையிலும் பெருமையாகச் சொல்லப்பட்டது.

என் முறை வந்தபோது, அப்பாவாக நிற்க, பைன்டவுனைச் சேர்ந்த அறுபது வயது ஜூலு ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தேன். காரணம், அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அப்பாவும் அப்படித்தான் வைத்திருப்பார். அவர் எதிரே நின்று, 'நீங்கள் பெரியவர், நான் சிறியவள்' என்று சொல்லி வணங்க வேண்டும் என்றார் நடத்துபவர். வட்டத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்களில் சிலருக்கு இந்தக் குனிதல் பெரும் போராட்டமாக இருந்ததை அன்று காலையில் பார்த்திருந்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலில் விழுந்து வளர்ந்த எனக்கு அது ஒரு நொடி வேலை. விழுந்தேன். எழ முடியவில்லை. மூன்றாண்டு அழுகையும் அந்தத் தரைவிரிப்பில் கொட்டியது. அந்த ஆசிரியர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, குனிந்து என் தலையில் கை வைத்தார். மஸ்கிரேவ் அறையில் ஏழு அமர்வுகளில் நடக்காதது இங்கே இருபது நிமிடத்தில் நடந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த மதிப்புரை நேர்மையற்றதாகிவிடும்.

தேநீர் இடைவேளையில் அந்த ஆசிரியரிடம் நன்றி சொன்னபோது, அவர் உகுபுயிசா என்ற தங்கள் சடங்கைப் பற்றிச் சொன்னார். இறந்தவரின் ஆவியைக் காத்திருந்து, நாள் பார்த்து, மாடு வெட்டி, வீட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொள்வார்களாம். "இதற்கு நாங்கள் 2,400 ரேண்ட் கட்டணம் வாங்குவதில்லை, ஒரு மாடும் கொஞ்சம் உம்கொம்போத்தி கள்ளும் இருந்தால் போதும்" என்று சிரித்தார். மாட்டின் விலை அதைவிடப் பல மடங்கு என்பது வேறு விஷயம். ஆனால் எனக்கு அன்று கிடைத்தது என்ன என்பதை அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவைத்தது. விட்டுப்போன ஒரு சடங்கைத்தான் நான் அங்கே போய் முடித்துவிட்டு வந்திருந்தேன். சிகிச்சை என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஏனென்றால் அன்றிரவும் இரண்டு நாற்பதுக்கு விழிப்பு வந்தது, மறுநாளும் வந்தது.

இரண்டாம் முறை போனபோது பட்டறையின் மறுபக்கம் தெரிந்தது. என் தூக்கமின்மைக்குக் காரணம், இளவயதில் இறந்து மறக்கப்பட்ட ஒரு கொள்ளுப்பாட்டியின் விதியை நான் சுமப்பதே என்று நடத்துபவர் அறிவித்தார். அப்படி ஒரு பாட்டி எங்கள் குடும்பத்தில் இல்லை என்று நான் சொன்னதும், இல்லை என்று மறுப்பதே அவர் ஒதுக்கப்பட்டதற்கு அடையாளம் என்றார். இந்த வாதத்தில் தோற்கவே முடியாது. தோற்க முடியாத வாதத்தால் எதையும் நிறுவவும் முடியாது. அதைவிடப் பெரிய கவலை மதியத்துக்கு மேல் வந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் ஓர் இளைஞனிடம், மாத்திரை அவனுடைய குடும்பத்தின் வலியை மூடிவைக்கிறது, அதைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று இருபது பேர் முன்னிலையில் சொல்லப்பட்டது. அவன் மருத்துவரோடு பேசினானா, மறுநாள் அவன் எப்படி இருந்தான் என்று கேட்க யாருக்கும் பொறுப்பு இல்லை. அவ்வளவு ஆழமாக மனதைக் கிளறிவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கைகோத்து ஒரு பாட்டுப் பாடி எல்லோரையும் என்3 நெடுஞ்சாலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், சிபிடிக்கு ஆதரவாக அரை நூற்றாண்டுக்கும் மேலான சோதனைகள் குவிந்திருக்கின்றன. கான்ஸ்டலேஷனுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் 208 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. எனினும் அது காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிட்ட சோதனை; வேறொரு சிகிச்சையோடு அது மோதவில்லை. இன்னொரு பக்கம், முறையாகப் பயின்றவர்கள் செய்யும் பேச்சு சிகிச்சைகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன என்று 1936இலேயே அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் எழுதினார். ஆலிஸின் அற்புத உலகம் கதையில், ஓட்டப்பந்தயம் முடிந்ததும் எல்லோருக்கும் பரிசு என்று அறிவிக்கும் டோடோவை வைத்து, இதற்கு டோடோப் பறவையின் தீர்ப்பு என்று பெயர். நம் பக்கத்துக் கடலில், மொரிஷியஸில் வாழ்ந்து அழிந்த பறவையின் பெயர் இப்படி ஒரு சண்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முறையைவிட, சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான பிணைப்பே பெரிது என்பார் அந்தக் கட்சியினர். வாய்க்கரிசியைப் பற்றி அரை மணி நேரம் கேட்ட அந்த உளவியலாளரை நினைத்தால், அதில் பாதி உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் மாற்று முறை என்றாலே ஹில்கிரெஸ்ட் வட்டம்போல இருக்க வேண்டும் என்பதில்லை. வடக்கே ஜிம்பாப்வேயில், மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் தொடங்கிய நட்பு பெஞ்ச் திட்டத்தில், சிகிச்சை தருபவர்கள் பட்டம் பெறாத பாட்டிமார். சுகாதார நிலையத்தின் முற்றத்தில் மரபெஞ்சில் அமர்ந்து, 'குஃபுங்கிசிசா' என்று ஷோனா மொழியில் சொல்லப்படும் அதிக யோசனை நோய்க்கு, ஒரு பிரச்சினையைப் பிரித்தெடுத்துத் தீர்வு தேடும் முறையில் ஆறு அமர்வுகள் பேசுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு, அளக்கும் கேள்வித்தாள் உண்டு. 573 பேரிடம் நடத்திய சோதனை 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாகி, வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான பலனைக் காட்டியது. பட்டம் இல்லாத பாட்டியிடம் இருப்பதும், சான்றிதழ்கள் தொங்கும் ஹில்கிரெஸ்ட் பண்ணைவீட்டில் இல்லாததும் அந்த மேற்பார்வைதான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் மண்டபங்களில் இப்படி இரண்டு பெஞ்சு போட்டால், நம் ஆயாக்களில் பலருக்கு இந்த வேலை கைவந்துவிடும் என்பது என் ஆசை.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. இந்த நாட்டில் உளவியலாளர் என்று தொழில் நடத்துபவர் எச்பிசிஎஸ்ஏ என்னும் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உடனே தெரியும். புகார் எழுந்தால் விசாரிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. பணம் தடையென்றால், 1994 முதல் இயங்கும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவான சாடாக்கின் இலவசத் தொலைபேசி இணைப்பில் தொடங்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் எந்தப் பட்டறைக்கும் போகாமல் அங்கேயோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோதான் முதலில் போக வேண்டும்.

ஹில்கிரெஸ்டுக்கு நான் மூன்றாம் முறை போகப் போவதில்லை. மருந்து சாப்பிடும் எவரையும் அனுப்பவும் மாட்டேன். எழுந்து நடமாடும் நிலையில் இருந்துகொண்டு, அழ ஓர் இடம் மட்டும் தேடுபவர் போனால் தடுக்க மாட்டேன். ஆனால் ஆடி அமாவாசையன்று டர்பனின் ப்ளூ லகூன் கரையில் செலவில்லாமல் அதைச் செய்யலாம் என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

மஸ்கிரேவில் என் மதிப்பெண் 17லிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது. பதினைந்தில் நான்கு அமர்வுகள் மீதமிருக்கின்றன. ஏணியின் கடைசிப் படியாக எழுதிவைத்திருப்பது, கோவில்பட்டி வீட்டில் அப்பாவின் அறைக்குள் போய்க் கால் மணி நேரம் உட்கார்வது. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு, துபாய் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். மூன்று அமர்வுகள் புறப்படுவதற்கு முன்பு. கடைசி ஒன்றை, நேரக் கணக்கில் மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு, அப்பாவின் அறையிலிருந்தே காணொளியில் வைத்துக்கொள்ளலாம் என்று உளவியலாளர் சொல்லியிருக்கிறார்.